செட் போச்சா, ஃபியூஸ் போச்சா?

வாசகர் கேள்வி – பதில்

கார் ஸ்டீரியோ பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை சேர்த்தே பதில். படிக்கத் தொடங்கும் முன் ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுப்பது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது போல.

கேள்வி: ஏழு வருடமாக ஓடும் காரில் ஸ்டீரியோ நேற்று திடீரென்று நின்றுவிட்டது. பட்டன் வெளிச்சம்கூட வரவில்லை. கடைக்காரர் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, “போர்டு போயிடுச்சு, புதுசு போட்டுக்குங்க” என்கிறார். நம்பலாமா?

பதில்: கழற்றிப் பார்க்காமல் சொன்னதை நம்பாதீர்கள். அடியோடு செத்துக் கிடக்கும் செட்தான் பெரும்பாலும் சுலபமாக உயிர் பெறுவது. பாதி வேலை செய்து பாதி மக்கர் பண்ணும் செட்தான் தலைவலி.

செட்டுக்கு மூன்று வயர் அவசியம். மஞ்சள் நேராக பேட்டரியிலிருந்து வருவது, எப்போதும் கரண்ட் இருக்கும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. கருப்பு எர்த். (கம்பெனி வயரிங்கில் நிறம் மாறலாம். வெளியில் வாங்கிப் பொருத்தும் செட்களில் இந்த நிறங்கள்தான்.) மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காரின் ஃபியூஸ் பெட்டியில் பெரும்பாலும் தனித்தனி ஃபியூஸ் இருக்கும். இது போக செட்டின் முதுகிலேயே 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும். சிவப்பு நிறம் என்றால் 10, நீலம் என்றால் 15. மூன்றையும் பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலும் கரண்ட் இல்லை என்றால் சந்தேகம் உறுதி. பல கார்களில் அதற்கும் ஸ்டீரியோவின் சிவப்பு வயருக்கும் ஒரே ஃபியூஸ்தான். மட்டமான மொபைல் சார்ஜரோ, உள்ளே விழுந்த ஒரு நாணயமோ அதை எரித்திருக்கும்.

ஃபியூஸ் சரி என்றால் செட்டை வெளியே இழுக்க வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) கண்ணில் பட்டால் அதில் மீட்டரை வைக்கவே கூடாது. செட்டின் கப்ளரை உருவிவிட்டு பேட்டரியை மறுபடி இணைத்து அளந்து பாருங்கள். மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவில் 12.4 முதல் 12.7 வோல்ட், சாவியைத் திருப்பியதும் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவில் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும்.

அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் இதுதான். துரு ஏறிய கப்ளரிலோ, ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரிலோகூட மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. அதனால் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை மஞ்சளுக்கும் கருப்புக்கும் இடையே கொடுத்துப் பாருங்கள். அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் வயரிங் நல்லது. மங்கினால் கோளாறு வயரிலோ எர்த்திலோ இருக்கிறது, செட்டில் இல்லை.

பல்பு நன்றாக எரிகிறது, செட் மட்டும் எழவில்லை என்றால்தான் உள்ளே கோளாறு. அதிலும் ஒரு நல்ல செய்தி இருக்கலாம். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது வயரை மாற்றிக் கொடுத்திருந்தால், செட்டுக்குள் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கும். ஸ்பீக்கர் கப்ளரை உருவிய பிறகும் புது ஃபியூஸ் போட்ட நொடியே எரிந்தால் அதன் அடையாளம் அது. டயோடு ஒன்றை மாற்றினால் செட் பிழைத்துவிடும். ஃபியூஸ் எரிகிறதே என்று 30 ஆம்பியர் போட்டுவிடாதீர்கள். அடுத்து எரிவது வயரிங்.

கேள்வி: டிஸ்பிளே வருகிறது, எஃப்எம் ஸ்டேஷன் எண் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. சில நாள் காலையில் கொஞ்ச நேரம் பாடிவிட்டு நின்றுவிடுகிறது. செட்டை மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள். புது செட் போட்டாலும் இதே கதை தொடரக்கூடிய கோளாறு இது.

கார் செட்டில் ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயருமே உயிருள்ளவை. பாட்டு நின்றிருக்கும்போதும் எர்த்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றிலும் பேட்டரி வோல்டேஜில் பாதி, அதாவது 6 முதல் 7 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். இரண்டிலும் ஒரே அளவு என்பதால் ஸ்பீக்கருக்குள் கரண்ட் ஓடாது. இந்த வயர்களில் எது பாடியில் உரசினாலும், ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் அவுட்புட் ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சத்தத்தை நிறுத்திவிடும். கதவைத் திறந்து மூடும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கி வயரின் தோல் உரிவதுதான் வழக்கமான காரணம். கதவை ஆட்டும்போது சத்தம் வந்து போனால் வேறு சாட்சியே வேண்டாம்.

செட்டை அணைத்து, ஸ்பீக்கர் கப்ளரை உருவிவிட்டு அளக்கும் வரிசை இது. முதலில் ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியின் ஓம்ஸ். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். ஒன்றுக்குக் கீழே போனால் ஷார்ட், எதுவுமே காட்டாவிட்டால் வயரோ ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளோ (காயில்) அறுந்திருக்கிறது. அடுத்து ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே. இங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் கதவைத் திறந்து வயரைச் சரிசெய்யுங்கள், செட்டைத் தொடாதீர்கள்.

எல்லாம் சரி என்றால் கப்ளரை மாட்டி, செட்டைப் போட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து டிசி வோல்ட் அளவில் பாருங்கள். ஒரு ஜோடியின் இரு வயர்களுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த்தோடு ஒப்பிட்டால் ஒரு வயர் மட்டும் 0 அல்லது 12 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவுட்புட் ஐசி போய்விட்டது. அந்த ஜோடியை உடனே கழற்றுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கர் காயிலும் கருகும்.

நான்கு சேனலுக்கும் சேர்த்து ஒரே ஐசிதான். ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) திருகி வைத்த, 25 கால் கொண்ட பட்டையான ஐசி. டிடிஏ 7388, டிடிஏ 7850, பிஏஎல் 007 போன்ற எண்கள் மேலே அச்சாகியிருக்கும். சால்டரிங் பழகிய கைக்கு இதை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. மறக்கக் கூடாதவை இரண்டு: பழைய ஹீட்சிங்க் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவுவது, திருகை இறுக்குவது. எண்ணை அழித்து மறு அச்சடித்த போலி ஐசிகள் நிறைய உலாவுகின்றன. எங்கு வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயரில் உள்ள ஷார்ட்டை விட்டுவிட்டு ஐசியை மட்டும் மாற்றினால் இரண்டாவது ஐசியும் அதே வழியில் போகும்.

உங்களுக்குக் காலையில் பாடிவிட்டுப் பிறகு நிற்கிறது என்பதால், ஐசி சூடேறி ஓய்ந்துபோகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பேஸ்ட் காய்ந்திருந்தாலோ திருகு தளர்ந்திருந்தாலோ இப்படித்தான் நடக்கும். இன்னும் ஒன்று: வெளியில் வாங்கிய செட்களில் போன் வந்தால் பாட்டை நிறுத்தும் மியூட் வயர் இருக்கும், பெரும்பாலும் பழுப்பு நிறம். அது சும்மா தொங்கி எர்த்தில் பட்டாலும் செட் ஊமையாகிவிடும்.

கேள்வி: முன் இடது ஸ்பீக்கரில் மட்டும் கரகர சத்தம். செட்டா, ஸ்பீக்கரா?

பதில்: பின்னால் செட்டின் கப்ளரில் முன் இடது, முன் வலது வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். வெளியில் வாங்கும் செட்களில் வெள்ளை இடது, சாம்பல் வலது. கரகரப்பு வலது பக்கம் தாவினால் செட். இடத்திலேயே இருந்தால் ஸ்பீக்கர் அல்லது அதன் வயர். ஸ்பீக்கரைத் தனியாகச் சோதிக்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ஒரு நொடி தொட்டால் டப் என்று கூம்பு அசைய வேண்டும். கூம்பை இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்தும்போது உள்ளே உரசல் தெரிந்தால் காயில் கெட்டது. ஸ்பீக்கரை மாற்றுங்கள், செட் இருக்கட்டும்.

கேள்வி: பழைய செட்டில் சிடி படிப்பதில்லை. வால்யூம் திருகினால் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது, திடீரென்று எகிறுகிறது. இதற்காக மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். வால்யூம் குமிழ் என்பது உள்ளே ஒரு ரோட்டரி என்கோடர். அதன் தொடுபுள்ளிகளில் அழுக்குப் படிந்தால் இப்படித்தான் தாவும். மின்சாரத் தொடுபுள்ளிகளுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு விட்டு, இருபது முப்பது முறை இருபக்கமும் திருகினால் சில மாதங்களுக்குத் தாங்கும். நிரந்தரத் தீர்வு என்கோடரையே மாற்றுவது; மலிவான பாகம். துருப் போக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சிடியைப் பொறுத்தவரை, லென்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தாமல் துடைத்துப் பாருங்கள். அதற்கும் படிக்கவில்லை என்றால் லேசர் வயதாகிவிட்டது. அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை, யுஎஸ்பியில் கேளுங்கள். பென் டிரைவ் ஏறவில்லை என்றால் அது ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய செட்களில் பல எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. யுஎஸ்பியே இல்லாத செட் என்றால் ஆக்ஸ் துளையில் ஒரு புளூடூத் ரிசீவரைச் செருகலாம். சிகரெட் லைட்டரில் மாட்டும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கடைசி வழி. அதன் ஒலியில் இரைச்சல் இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: தொடுதிரையில் ஒரு இடத்தைத் தொட்டால் வேறிடம் அழுந்துகிறது. சில நேரம் யாரும் தொடாமலே தானாக ஓடுகிறது.

பதில்: ரிவர்ஸ் கியர் போடுங்கள். கேமரா படம் தெளிவாக வந்தால் எல்சிடி திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே ஒட்டியிருக்கும் தொடு கண்ணாடி மட்டும்தான் கெட்டிருக்கிறது. வெயிலில் நின்று நின்று அதன் அடுக்குகள் பிரியும், ஓரத்திலிருக்கும் ஃபிளெக்ஸ் என்ற மெல்லிய பட்டை வயர் விட்டுப்போகும். முதலில் மேலே ஒட்டிய பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டு, மெனுவில் அளவுதிருத்தம் இருந்தால் செய்து பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் கண்ணாடியைத் தனியாக மாற்ற முடியுமா என்பதே கேள்வி. அழுத்தினால் லேசாக அமுங்கும் பழைய வகைத் திரைகளில் கண்ணாடி தனி, நான்கு கோடு கொண்ட ஃபிளெக்ஸில் வரும், மாற்றலாம். வாங்கும்போது திரையின் அங்குல அளவை மட்டும் சொன்னால் போதாது. கண்ணாடியின் வெளி அளவு, படம் தெரியும் பகுதியின் அளவு, ஃபிளெக்ஸ் எந்தப் பக்கம், எத்தனை கோடு – நான்கையும் அளந்து சொல்ல வேண்டும். மொபைல் போல மெல்லத் தொட்டாலே வேலை செய்யும் திரைகளில் கண்ணாடியும் எல்சிடியும் ஒன்றாகப் பசைபோட்டு ஒட்டியிருந்தால் முழுத் தொகுதியையே மாற்ற நேரும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு செட் என்றால் அந்த இடத்தில் புது செட்டே மேல். கம்பெனியோடு வந்த செட் என்றால் பழுது பார்ப்பதே மேல். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: கம்பெனி செட் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. அதைத் தூக்கிவிட்டுப் பெரிய ஆண்ட்ராய்டு செட் போட ஆசை. என்ன இழப்பேன்?

பதில்: காரைப் பொறுத்தது. பழைய கார் என்றால் ஒன்றும் இழக்க மாட்டீர்கள். 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம் என்றால் சிங்கிள் டின். 100 உயரம் என்றால் டபுள் டின். இந்த அளவில் செவ்வகமாக உட்கார்ந்திருக்கும் செட்டை உருவி இன்னொன்றைச் செருகலாம்.

டேஷ்போர்டோடு இழைத்துச் செய்த திரை என்றால் கவனம். ஏசி எத்தனை டிகிரி என்று காட்டுவது, கதவு தானாகப் பூட்டும் செட்டிங், பார்க்கிங் சென்சாரின் பீப், ஸ்டீயரிங் பட்டன்கள் எல்லாம் அந்தச் செட் வழியாக ஓடலாம். சில கார்களில் இண்டிகேட்டர் போட்டால் வரும் டிக் டிக் சத்தமே ஸ்டீரியோ ஸ்பீக்கரில்தான் வருகிறது. செட்டைக் கழற்றினால் அதுவும் போய்விடும். இவையெல்லாம் கேன் என்ற இரட்டை வயர் வழியாகப் பேசிக்கொள்பவை. அப்படிப்பட்ட காரில் சாவியோடு வரும் சிவப்பு வயரே கப்ளரில் இருக்காது. சாவி போட்ட செய்தியும் கேனில்தான் வரும். ஆகவே உங்கள் கார் மாடலுக்கென்றே செய்த கேன் டீகோடர் பெட்டி வேண்டும். அதில் எந்தெந்த வசதி வேலை செய்யும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “எல்லாம் வரும் சார்” என்ற வாய்வார்த்தை போதாது.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய அதே மாடல் கம்பெனி செட்டை வாங்கிப் போடலாமே என்று தோன்றும். பல செட்கள் தாம் பிறந்த காரின் அடையாள எண்ணை நினைவில் வைத்திருக்கும், வேறு காரில் மாட்டினால் பூட்டிக்கொள்ளும். திருட்டைத் தடுக்கச் செய்தது. வாங்கும் முன் அதை உங்கள் காருக்கு மாற்றி எழுத முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். உங்கள் சொந்த செட்டே பேட்டரியைக் கழற்றினால் ரகசிய எண் (கோடு) கேட்கக்கூடும். கையேட்டோடு வந்த கோடு அட்டையைத் தேடி எடுத்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். தவறான கோடைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் நீண்ட நேரம் பூட்டிக்கொள்ளும்.

இனி ரீஸ்டார்ட். எப்போது ஆகிறது என்று கவனியுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் என்றால் பேட்டரி பலவீனம். மேடு பள்ளத்தில் என்றால் கப்ளர் அல்லது எர்த் தளர்வு. யுஎஸ்பி செருகியபோது மட்டும் என்றால் பென் டிரைவ் அல்லது அந்தத் துளைக்குள் வளைந்த கால். இவை எதுவும் இல்லை, லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால் மென்பொருள் கெட்டிருக்கும், அல்லது உள்ளே சேமிப்புச் சிப் தேய்ந்திருக்கும். மென்பொருளைச் சரியான பதிப்பில் மறுபடி ஏற்றினால் முந்தையது சரியாகும். தவறான பதிப்பை ஏற்றினால் செட் செங்கல்தான். சிப் தேய்ந்திருந்தால் போர்டு வேலை தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். நாள் பிடிக்கும், ஆனால் காரின் மற்ற வசதிகள் கெடாமல் திரும்பி வரும்.

கேள்வி: எப்படிப்பட்ட செட்டைப் பழுது பார்க்கவே கூடாது?

பதில்: தண்ணீர் புகுந்தது. காய்ந்த பிறகு பாடினாலும் சிப்புகளின் அடியில் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும், சில வாரத்தில் ஒவ்வொன்றாகக் கைவிடும். அடுத்தது, போர்டின் தடங்கள் கருகிக் கரியானது. மூன்றாவது, ஏற்கனவே இரண்டு பேர் திறந்து ஜம்பர் வயர் இழுத்து வைத்தது. அதைத் தேடித் திருத்தும் நேரத்தில் மூன்று நல்ல செட்டைச் சரிபார்த்துவிடலாம்.

கேள்வி: புது செட்டின் பெட்டியில் “50 வாட் × 4” என்று போட்டிருக்கிறது. பழைய செட்டை விடச் சத்தம் கூடுமா?

பதில்: கூடாது. இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4 ஓம் ஸ்பீக்கரில் சிதையாத ஒலி அதிகபட்சம் 14.4 × 14.4 ÷ 8, ஏறக்குறைய 26 வாட். ஐசிக்குள் ஆகும் இழப்பு போகக் கையில் கிடைப்பது 20 வாட்டை ஒட்டி. அந்த 50 வாட், ஒலி முழுக்கச் சிதைந்து சதுர அலையாகும்போது வரும் கணக்கு. பழைய செட்டிலும் இதே மாதிரி ஐசிதான் இருந்தது. சத்தம் வேண்டுமென்றால் ஸ்பீக்கரை மாற்றுங்கள், அல்லது தனி ஆம்ப்ளிஃபையர் போடுங்கள்.

கேள்வி: புது செட் போட்ட பிறகு எஃப்எம் இரைகிறது. பழையதில் தெளிவாக இருந்தது.

பதில்: உங்கள் ஆன்டெனாவின் அடியில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. பழைய செட் அதற்கு 12 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது, புதிதைப் பொருத்தியவர் புது செட்டில் அதற்கென்று இருக்கும் நீல வயரை டேப் சுற்றித் தொங்கவிட்டிருப்பார். அந்த நீல வயரை ஆன்டெனாவின் பவர் வயரோடு சேர்த்தால் போதும். சில கார்களில் பவர் ஆன்டெனா கேபிளின் வழியாகவே போகும். அவற்றுக்குப் பவர் செலுத்தும் ஆன்டெனா அடாப்டர் தனியாகக் கிடைக்கும், நீல வயரை அதில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: புது செட் போட்ட நாளிலிருந்து மூன்று நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. செட்டைத் திருப்பிக் கொடுப்பதா?

பதில்: முதலில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாவி வயரைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் பேட்டரி வயரிலேயே கட்டிவிடுவது பரவலான குறுக்குவழி. செட் எப்போதும் பாதி விழித்தே இருக்கும். இதற்கு நேர் எதிர், சாவியை எடுத்ததும் ஸ்டேஷன்கள் எல்லாம் மறந்துபோவது. சில கார்களில் கப்ளரில் மஞ்சளும் சிவப்பும் வர வேண்டிய இடம் மாறி இருக்கும், அதனால் வருவது அது. காரின் கப்ளரையும் புது செட்டையும் இணைக்கும் பல அடாப்டர் ஹார்னஸ்களில் இந்த இரண்டு வயரிலும் கழற்றி மாட்டும் இணைப்பு வைத்திருப்பார்கள், மாற்றிச் செருகினால் சரி.

கட்டு சரியாக இருந்தால் அளந்து பாருங்கள். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே மாட்டுங்கள். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போகும், நினைவிருக்கட்டும். கதவுகளை மூடி, காரிலுள்ள எல்லாம் தூங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 300 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 7.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் கிட்டத்தட்ட பாதி காலி. செட்டின் முதுகு ஃபியூஸை உருவியதும் அளவு சட்டென்று இறங்கினால் குற்றவாளி செட்தான். ஆண்ட்ராய்டு செட் என்றால் மெனுவில் உறக்க நேரம் என்ற அமைப்பைத் தேடி, சாவியை எடுத்ததும் முழுக்க அணையும்படி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அதன் பிறகும் இறங்கவில்லை என்றால் அந்த அளவைக் கடைக்காரருக்கே மீட்டரில் காட்டி மாற்றித் தரச் சொல்லுங்கள்.